கிளெய்போர்ன் பண்ணைச் சுற்றுலா: இரண்டு குடும்பங்கள், ஒரு லாயம்

கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்ற சிற்றூரை ஒட்டியிருக்கும் கிளெய்போர்ன் குதிரைப் பண்ணையைப் பார்க்க நான் இரண்டு முறை புறப்பட்டேன். முதல் முறை, லெக்சிங்டனிலிருந்து ஒரே நாளில் பல பண்ணைகளைக் காட்டுவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு வேன் நிறுவனத்தை நம்பிப் போனேன். அவர்கள் பண்ணைக்குள் அழைத்துச் செல்லவே இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்தி, வேலிக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருந்த சில குதிரைகளைக் கைகாட்டி, "செக்ரடேரியட் பிறந்த இடம் இதுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். செக்ரடேரியட் என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரை பிறந்தது வர்ஜீனியாவில். அது வாழ்ந்து, மடிந்து, புதைக்கப்பட்ட இடம்தான் கிளெய்போர்ன். அந்த வித்தியாசம்கூடத் தெரியாதவர்களிடம் கட்டணம் கொடுத்தோமே என்ற வருத்தத்தில், அடுத்த ஆண்டு மகளைப் பார்க்கச் சின்சினாட்டிக்குச் சென்றபோது, பண்ணையின் சுற்றுலாவுக்கே இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு மகளோடும் மருமகனோடும் மீண்டும் போனேன். இந்த மதிப்புரை அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றியது.

இந்தச் சுற்றுலாவின் அருமை புரிய வேண்டுமானால், போவதற்கு முன்பே இரண்டு குடும்பங்களின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, நிலமும் குதிரை வளர்க்கும் கைப்பக்குவமும் கொண்ட ஹான்காக் குடும்பம். மற்றொன்று, ஆண்ட்ரூ கார்னகியின் உருக்கு ஆலையில் பங்காளியாக இருந்த ஹென்றி ஃபிப்ஸ் சேர்த்துவைத்த பெருஞ்செல்வத்தின் வழியே வந்த ஃபிப்ஸ் குடும்பம். ஹென்றி ஃபிப்ஸின் மருமகள் கிளாடிஸ் 1926-இல் தன் சகோதரருடன் சேர்ந்து வீட்லி ஸ்டேபிள் என்ற பந்தயக் குதிரை லாயத்தைத் தொடங்கினார். அவருக்குப் பின் அவர் மகன் ஆக்டன் ஃபிப்ஸ், அவருக்குப் பின் பேரன் ஆக்டன் மில்ஸ் ஃபிப்ஸ் என்று மூன்று தலைமுறையினர் தங்கள் பெட்டைக் குதிரைகளைக் கிளெய்போர்னில்தான் விட்டு வளர்த்தார்கள். இவர்கள் குதிரைகளை வாங்கி ஓடவிட்டுப் பரிசுக் கோப்பை சேர்த்ததோடு நின்றுவிடவில்லை. எந்தப் பெட்டையை எந்தப் பொலிகுதிரையோடு சேர்த்தால் பத்து, இருபது ஆண்டுகள் கழித்து என்ன கிடைக்கும் என்று யோசித்து, அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1933-இல் இந்தப் பண்ணையில் பிறந்த சீபிஸ்கட் என்ற குதிரை கிளாடிஸ் ஃபிப்ஸின் வளர்ப்பு. அதை அவர் பிறருக்கு விற்றுவிட, புது உரிமையாளரிடம் போன பிறகே அது பெரும் புகழ் பெற்றது. அப்படிக் கைநழுவிய குதிரைகளும் இந்தக் குடும்ப வரலாற்றில் சேர்த்தியே.

ஹான்காக் குடும்பத்தின் பூர்வீகம் வர்ஜீனியா. ஆர்தர் ஹான்காக் பாரிஸ் ஊரைச் சேர்ந்த நான்சி கிளே என்பவரை மணந்தார். நான்சிக்குத் தாய்வீட்டுச் சொத்தாக 1910-இல் வந்த நிலத்தில்தான் இந்தப் பண்ணை தொடங்கியது. அந்தப் பகுதியின் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. அதில் ஊறிவரும் நீரிலும் அதன்மேல் விளையும் புல்லிலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பதால் குட்டிகளின் எலும்பு உறுதிப்படும் என்பது அங்குள்ளவர்களின் நெடுநாள் நம்பிக்கை. வழிகாட்டியாக வந்த பெண்மணி வண்டியை நிறுத்தி, வேலியோரத்துப் புல்லில் ஒரு பிடியைப் பிடுங்கி எங்கள் கையில் கொடுத்து இதை விளக்கினார். பெயரில் நீலம் இருக்கிறதே தவிர, ப்ளூகிராஸ் புல் பச்சையாகத்தான் இருக்கிறது. தொட்டுப் பார்த்தால் நம் ஊர் அறுகைவிட மெல்லியதாகவும் அடர்த்தியாகவும் இருந்தது.

பொலிகுதிரைகளின் லாயம்தான் இந்தச் சுற்றுலாவின் உயிர்நாடி. ஒவ்வொரு கொட்டடியின் கதவிலும் இப்போது அதில் இருக்கும் குதிரையின் பெயர் மட்டுமல்லாமல், முன்பு அதில் வாழ்ந்த குதிரைகளின் பெயர்களும் சிறு பித்தளைத் தகடுகளாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கதவின் முன் வழிகாட்டி நின்றார். அதில் போல்ட் ரூலர் என்ற பெயரும், செக்ரடேரியட் என்ற பெயரும் இருந்தன. தகப்பன் 1971-இல் இறந்து, காலியான அதே கொட்டடிக்கு மகன் 1973-இல் வந்து சேர்ந்திருக்கிறது. பலமுறை துடைத்துத் துடைத்து அந்தத் தகடுகளின் ஓரம் மழுங்கியிருந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் கறுப்பு தங்கியிருந்தது. நான் அங்கே நின்றுவிட்டதைப் பார்த்து, "மாமா, போட்டோ எடுக்கட்டுமா?" என்று மருமகன் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் முன்னே போய்விட்டதைக் கவனித்தேன்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கும் கதையை வழிகாட்டி சொன்ன விதத்துக்காகவே இந்தச் சுற்றுலாவுக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆர்தரின் மகன், புல் ஹான்காக் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர், 1950-இல் நஸ்ருல்லா என்ற பொலிகுதிரையைக் கடல் கடந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அதற்கும் கிளாடிஸ் ஃபிப்ஸின் பெட்டை ஒன்றுக்கும் 1954 ஏப்ரல் 6 அன்று பிறந்தது போல்ட் ரூலர். அதே இரவில் இதே பண்ணையில் பிறந்த மற்றொரு குட்டி ரவுண்ட் டேபிள். போல்ட் ரூலர் 1957-இலும் ரவுண்ட் டேபிள் 1958-இலும் ஆண்டின் சிறந்த குதிரையாகத் தேர்வாயின. ஓர் இரவில், ஒரு பண்ணையில் இப்படி இரண்டு குட்டிகள் பிறந்ததற்கு ஈடாக இந்தத் துறையில் வேறொன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

போல்ட் ரூலர் எட்டு ஆண்டுகள் அமெரிக்காவின் முதன்மைப் பொலிகுதிரையாக விளங்கியது. ஃபிப்ஸ் குடும்பத்தார் அதன் சேவைக்குப் பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை. நல்ல பெட்டை வைத்திருப்பவர்களோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்வார்கள். இரண்டு பெட்டைகளை இரண்டு ஆண்டுகள் போல்ட் ரூலரோடு சேர்க்க வேண்டும். பிறக்கும் குட்டிகளை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதலில் தேர்ந்தெடுப்பது யார் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். வர்ஜீனியாவின் மெடோ பண்ணைக்குப் பொறுப்பேற்றிருந்த பென்னி செனரியும் ஆக்டன் ஃபிப்ஸும் 1969-இல் நியூயார்க்கில் அப்படி ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள். வென்றவருக்கு முதல் ஆண்டுக் குட்டிகளில் விரும்பியது கிடைக்கும். தோற்றவருக்கு இரண்டாம் ஆண்டில் முதல் உரிமை. அந்த இரண்டாம் ஆண்டுக்கு ஒரு பெட்டை மட்டுமே சினைப்பட்டிருந்ததால், தோற்பவருக்கு முதல் ஆண்டில் மிஞ்சிய குட்டியோடு இன்னும் பிறக்காத அந்த ஒற்றைக் குட்டியும் சேர்ந்துவிடும். ஆகவே இருவருக்குமே தோற்கத்தான் ஆசை. ஆக்டன் ஃபிப்ஸ் வென்றுவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த பெண்குட்டி ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. தோற்ற பென்னி செனரிக்கு, சம்திங்ராயல் என்ற பெட்டையின் வயிற்றில் இருந்த குட்டி போய்ச் சேர்ந்தது. 1973-இல் கென்டக்கி டெர்பி, ப்ரீக்னஸ், பெல்மான்ட் என்ற மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று, பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீள இடைவெளியில், 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்த செக்ரடேரியட் அதுதான். ஒன்றரை மைல் மண் தடத்தில் அந்த நேரத்தை இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

இந்தக் கதையை நான் முன்பே படித்திருந்தேன். ஆனாலும் அந்தக் கொட்டடியின் வாசலில் நின்று, வைக்கோல் வாசனையோடு கேட்டபோது அது வேறாக இருந்தது. ஃபிப்ஸ் குடும்பத்தார் அந்த இழப்புக்குப் பிறகும் ஏற்பாட்டைக் குறை சொல்லாமல், அதே பண்ணையில் அதே பொறுமையோடு தொடர்ந்தார்கள். 13 பந்தயங்களில் ஓடி ஒன்றில்கூடத் தோற்காமல் 1988-இல் ஓய்வுபெற்ற பெர்சனல் என்சைன் அவர்களுடையது. 2013-இல் கென்டக்கி டெர்பியை வென்ற ஆர்ப், ஆக்டன் மில்ஸ் ஃபிப்ஸும் அவருடைய உறவினரும் சேர்ந்து வளர்த்தது. கிளாடிஸ் லாயம் தொடங்கிய ஆண்டிலிருந்து அந்த டெர்பி வெற்றிக்கு 87 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

ஹான்காக் வீட்டின் வாரிசுப் பிரச்சினையையும் வழிகாட்டி மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. புல் ஹான்காக் 1972-இல் காலமானபோது, பண்ணையை மூத்த மகன் ஆர்தரிடம் விடுவதா, 23 வயதே ஆன இளையவர் செத்திடம் விடுவதா என்ற கேள்வி எழுந்தது. ஆக்டன் ஃபிப்ஸ் உள்ளிட்ட ஆலோசகர்கள் செத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆர்தர் விலகித் தனக்கென்று ஒரு பண்ணையை வளர்த்துக்கொண்டார். செத் பொறுப்பேற்ற சில மாதங்களில் செக்ரடேரியட்டை 32 பங்குகளாக, பங்கு ஒன்று 1,90,000 டாலர் என்று விற்றுக் காட்டினார். மொத்தம் 60,80,000 டாலர். அப்போது அது உலகச் சாதனை. புல் ஹான்காக்கின் மறைவுக்குப் பின் பண்ணை விற்ற குதிரைகளில் ஒன்றான ஷாம் என்பதுதான் டெர்பியிலும் ப்ரீக்னஸிலும் செக்ரடேரியட்டுக்கு அடுத்த இடத்தில் வந்தது என்பதும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. விலகிப்போன அண்ணன் ஆர்தரோ, யாருக்கும் வேண்டாதிருந்த சண்டே சைலன்ஸ் என்ற குதிரையைக் கொண்டு 1989-இல் டெர்பியிலும் ப்ரீக்னஸிலும் ஃபிப்ஸ் குடும்பத்தின் ஈஸி கோயரை வென்றார். பெல்மான்ட்டில் ஈஸி கோயர் பதிலடி கொடுத்தது. சண்டே சைலன்ஸ் பிறகு ஜப்பானுக்கு விற்கப்பட்டு, அந்நாட்டுக் குதிரைகளின் தரத்தையே மாற்றிவிட்டது.

இனச்சேர்க்கைக் கூடத்தையும் காட்டுகிறார்கள். தரோபிரெட் எனப்படும் பந்தய இனக் குதிரைகளுக்குச் செயற்கைக் கருவூட்டல் அனுமதிக்கப்படுவதில்லை. பெட்டையை நேரில் கொண்டுவந்துதான் சேர்க்க வேண்டும். எல்லாக் குட்டிகளுக்கும் ஜனவரி 1-தான் பிறந்தநாளாகக் கணக்கிடப்படுவதாலும் சினைக்காலம் பதினொரு மாதம் என்பதாலும் பிப்ரவரி முதல் கோடைத் தொடக்கம் வரை இந்தக் கூடத்தில் ஓயாத வேலை. குழந்தைகளோடு போகிறவர்கள் இங்கே வரும் விளக்கங்களுக்குத் தயாராக இருப்பது நல்லது.

கல்லறைத் தோட்டம் அலுவலகத்தை ஒட்டி இருக்கிறது. வழக்கமாகப் பெரிய குதிரைகளின் தலை, இதயம், குளம்புகள் ஆகியவற்றை மட்டும் புதைப்பார்கள். குளம்பு அழற்சி நோயால் துன்புற்று 1989 அக்டோபர் 4 அன்று கருணைக்கொலை செய்யப்பட்ட செக்ரடேரியட்டை முழு உடலோடு அடக்கம் செய்தார்கள். சிறிய, எளிய கல். பெயரும் ஆண்டுகளும் மட்டும். அதன்மேல் யாரோ வைத்துவிட்டுப் போன ரோஜாக்கள் காய்ந்து சுருண்டிருந்தன. பக்கத்திலேயே நஸ்ருல்லா, போல்ட் ரூலர் என்று தாத்தாவும் தகப்பனும். 1984-இல் பண்ணையின் சொந்த நிறத்தில் (ஜாக்கி அணியும் சட்டையின் நிறம்) ஓடி டெர்பியையும் பெல்மான்ட்டையும் வென்று, அடுத்த எட்டாம் நாள் திடீரென்று மாண்டுபோன ஸ்வேலும் இங்கேதான் இருக்கிறது. வம்சாவளிப் புத்தகத்தில் கோடுகளாகப் பார்த்ததை நாலடி தூரத்தில் நடந்து பார்க்க முடிகிற இடம் இது.

ஒரு கேள்வியை நானே கேட்டேன். சிறுவயதில் கிண்டிப் பந்தயத் திடலின் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த காலத்திலிருந்து எனக்கு உரிமையாளர்களைவிட, குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களின் மீதுதான் கண். செக்ரடேரியட்டைக் கவனித்துக்கொண்ட எடி ஸ்வெட் என்ற கறுப்பின சைஸ் பற்றிக் கேட்டபோது, 1973 நவம்பரில் அவர் குதிரையோடு விமானத்தில் வந்து, இங்கே ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார் என்று வழிகாட்டி விரிவாகவே சொன்னார். அவர் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அருகில் ஓர் இளைஞர் ஒரு பொலிகுதிரையின் கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, அது தலையைத் தூக்கும் போதெல்லாம் கழுத்தில் உள்ளங்கையை வைத்து அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார். நான்கு தலைமுறைச் செல்வத்தின் கதையில் இந்தக் கைகளுக்கு உரிய இடத்தை, கேட்காமலே சொல்லும்படி எல்லாச் சுற்றுலாக்களும் அமைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முன்பதிவில்லாமல் போகாதீர்கள்; ஹார்ஸ் கன்ட்ரி என்ற பண்ணைகளின் கூட்டமைப்பின் தளத்தில் இடம் பிடிக்கலாம். இடைத்தரகு வேன்களில் போவதானால், பண்ணைக்கு உள்ளே செல்வார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லெக்சிங்டனிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம். மூடிய காலணி அணியுங்கள். காலையில் புல் பனியில் நனைந்திருக்கும். வழிகாட்டி சொல்லாமல் குதிரையின் அருகில் கையை நீட்ட வேண்டாம், பொலிகுதிரைகள் கடிக்கும். தாயோடு திரியும் குட்டிகளைப் பார்க்க ஏப்ரல் நல்ல மாதம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் லெக்சிங்டனின் கீன்லேண்ட் திடலில் பந்தயங்களும் நடப்பதால், காலையில் கிளெய்போர்னையும் பிற்பகலில் கீன்லேண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.