பாவசங்கீர்த்தனமா, நேரடி ஜெபமா?

பெங்களூரு சிவாஜிநகரில் கத்தோலிக்கப் பெண், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை) மாப்பிள்ளை என்று அமைந்த தமிழ் வீடுகளில் எழும் கேள்வி இது: பாவ மன்னிப்புக்குச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்வதா (பாவசங்கீர்த்தனம்), கடவுளிடம் நேரே கேட்பதா?

ஆதாரம்: சாமியாரிடம் சொல்ல யோவான் 20:23. நேரே கேட்க 1 யோவான் 1:9.

வசதி: ஜெபத்துக்கு பஸ்ஸில் உட்கார்ந்த இடமே போதும். சங்கீர்த்தனத்துக்குப் பூசைக்கு முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும்.

ரகசியம்: சாமியார் வெளியே சொன்னால் அவருக்கே திருச்சபை விலக்கு. பயம் வேண்டாம்.

மனப்பாரம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். தனியாக ஜெபிக்கும்போது நமக்கு நாமே சலுகை கொடுத்துக்கொள்வோம். வாய்விட்டுச் சொல்லும்போது அது நடக்காது, கூச்சமும் அதனால்தான்.

கத்தோலிக்கருக்குச் சாவான பாவமென்றால் (தெரிந்தே செய்த கனமான பாவம்) சங்கீர்த்தனம்தான். அற்பப் பாவத்துக்கு (சிறு குற்றம்) ஜெபம் போதும். சிஎஸ்ஐயில் நற்கருணைக்கு முன் சபையாகச் சொல்லும் பாவ அறிக்கை உண்டு. அப்புறமும் மனது அரித்தால் போதகரிடம் தனியாகப் பேசலாம். எந்த வழியானாலும், யாரையாவது ஏமாற்றிப் பணம் வாங்கியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.