பாங்காக்கில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ்: 9,500 பாட் போனது, லைசென்ஸ் வரவில்லை

9,500 பாட். நம் ரூபாயில் இருபதாயிரத்துக்கு மேல். இவ்வளவு கொடுத்ததற்கு என் மேசை மீது கிடப்பது ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதைக் காட்டினால் நூலகத்தில் கூடப் புத்தகம் தரமாட்டார்கள்.

பாங்காக்கில் வேலைக்கு வந்திருக்கும் தமிழர்கள், அதிலும் வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். வெளிநாட்டவருக்கு விசா, லைசென்ஸ், மொழிபெயர்ப்பு எல்லாம் 'ஒரே இடத்தில் முடித்துத் தருகிறோம்' என்று சொல்லும் ஒரு சிறிய ஏஜென்சியைப் பற்றியது இது. பெயரைப் போடமாட்டேன். பெயரைப் போட்டால் அவதூறு வழக்குப் போடுவேன் என்று கடைசியாகப் பேசியபோது அங்கே என்னிடம் பணம் வாங்கிய மனிதர் மிரட்டினார். இந்த நாட்டில் அவதூறு குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது, சிறைத்தண்டனை வரை போகலாம். என் பணத்தை எடுத்துக்கொண்டவருக்குச் சட்டம் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது, பாருங்கள்.

நான் இருப்பது பாங்காக்கின் ஓன் நுட் பக்கம், நீளமான ஒரு சோய்க்குள் (சோய் என்றால் இங்கே சந்து). ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆரஞ்சுச் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரரைத்தான் நம்பியாக வேண்டும். மழை பிடித்துவிட்டால் அவரும் கிடைக்கமாட்டார். ஒரு சிறிய ஸ்கூட்டர் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். இந்தியாவில் நான் எடுத்தது கார் ஓட்டும் உரிமம் மட்டும். இங்கே கார் உரிமம் வேறு, மோட்டார் சைக்கிள் உரிமம் வேறு. சின்ன ஸ்கூட்டராக இருந்தாலும் மோட்டார் சைக்கிள் உரிமம்தான் வேண்டும். இல்லாமல் ஓட்டினால் அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்றுதான் போனேன். குறுக்கு வழியில் லைசென்ஸ் கேட்டுப் போகவில்லை. 'சும்மா இருந்தவளையா ஏமாற்றியிருப்பார்கள், நீ என்ன கேட்டாய்' என்று ஏற்கெனவே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இந்த வரி.

அந்த ஏஜென்சியில் தமிழ் பேசும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உள்ளே நுழைந்து பெயரைச் சொன்னதுமே "வாருங்கள் தங்கச்சி, உட்காருங்கள், எந்த ஊர்?" என்றார். பாங்காக்கில் ஒரு மாடி அறையில் இப்படி ஒரு குரல் கேட்டால் மனம் இளகாதா? காபி வரவழைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நிலப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் என்னென்ன நடக்கும் என்று வரிசையாக எழுதிக் காட்டினார்.

நிறம் அறியும் சோதனை. விளக்கு எரிந்ததும் பிரேக்கை மிதிக்கும் சோதனை. இரண்டு குச்சிகளை ஒரே நேர்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தும் ஆழப்பார்வைச் சோதனை. பக்கவாட்டுப் பார்வைச் சோதனை. அப்புறம் 5 மணி நேரப் பயிற்சி வகுப்பு. பிறகு 50 கேள்விகள், 45 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி, ஆங்கிலத்திலும் எழுதலாம். கடைசியில் வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். அதில் குறுகலான பலகை ஒன்று இருக்கும், காலைக் கீழே ஊன்றாமல், அவசரப்படாமல் அதன் மேல் ஓட்டிப் போக வேண்டும். நிறையப் பேர் அங்கேதான் தோற்கிறார்கள். அந்தப் பலகையைப் படமாகவே வரைந்து காட்டினார். கூம்புகளுக்கு நடுவே எப்படி வளைய வேண்டும் என்று பேனாவால் கோடு இழுத்தார். "பலகையை மட்டும் நான் பழக்கிவிடுகிறேன் தங்கச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்" என்றார்.

அந்தத் தாளைத்தான் நான் நம்பினேன். இன்றுவரை அதில் ஒரு தவறு கூட எனக்குக் கிடைக்கவில்லை. நானே துறையின் தகவல்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், என் அலுவலகத்தில் ஏற்கெனவே லைசென்ஸ் எடுத்த பிலிப்பைன்ஸ் தோழியிடமும் கேட்டுவிட்டேன். சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொல்லி ஏமாற்றுபவனைக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையை மட்டுமே சொல்லிப் பணம் வாங்குபவனை எப்படிக் கண்டுபிடிப்பது?

பணக் கணக்கையும் அதே தாளில்தான் எழுதினார். இருப்பிடச் சான்றிதழுக்கு 2,500. மருத்துவச் சான்றிதழுக்கு 1,500. கியூ முன்பதிவுக்கு 2,000. பயிற்சி, தேர்வன்று வண்டி, கூடவே இருக்க மொழிபெயர்ப்பாளர் எல்லாம் சேர்த்து 3,500. மொத்தம் 9,500 பாட். கியூஆர் குறியீட்டைக் காட்டினார், அங்கேயே அனுப்பினேன். கணக்கின் பெயர் யாரோ ஒரு தாய்லாந்துப் பெண்ணுடையது. "எங்கள் கணக்காளர்" என்றார். ரசீது கேட்டதற்கு "வங்கிச் சீட்டுதான் ரசீது தங்கச்சி, உங்களிடமே இருக்கிறதே" என்று சிரித்தார்.

பலகை பழக்கும் ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் வண்டி பழுது, அதற்கடுத்த வாரம் அவர் பட்டாயாவில். 'கவலை வேண்டாம், தேர்வன்று அரை மணி முன்னால் வாருங்கள், அங்கேயே பழக்கிவிடுகிறேன்' என்று லைன் செயலியில் செய்தி வந்தது. தேதியையும் நேரத்தையும் கொடுத்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை ஆள் மூலம் அனுப்பினார். அலுவலகத்தில் விடுப்புப் போட்டுவிட்டு விடிவதற்குள் கிளம்பிப் போனேன்.

வாசலில் அவர் இல்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லை. வண்டியும் இல்லை. தொலைபேசி மணி அடித்தது, எடுக்கவில்லை, பிறகு அணைத்தே வைத்துவிட்டார்கள். சரி, காகிதங்கள் இருக்கின்றனவே என்று நானே கவுன்ட்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் மிகவும் பொறுமையானவர், அதைச் சொல்லியாக வேண்டும். கணினியில் தேடிப் பார்த்தார். என் பெயரில் அன்றைக்குக் கியூ பதிவே இல்லை. மருத்துவச் சான்றிதழை எடுத்தார். நான் வாழ்க்கையில் காலடி வைக்காத ஒரு கிளினிக்கின் முத்திரை. பாஸ்போர்ட் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. பெயரோ இன்னும் மோசம். நம் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் இனிஷியல் தொல்லை உங்களுக்கே தெரியும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. சான்றிதழில் அப்பாவே நோயாளி, நான் வெறும் ஓர் எழுத்து.

இருப்பிடச் சான்றிதழ் என்று உறைக்குள் இருந்தது, பூர்த்தி செய்யாத விண்ணப்பப் படிவத்தின் நகல். அந்த அலுவலர் என் பணி அனுமதிப் புத்தகத்தை வாங்கி, முகவரி இருக்கும் பக்கத்தைத் திறந்து, விரலால் தொட்டுக் காட்டினார். இதுவே போதும் என்றார். போதுமாம்! என் கைப்பையில் எப்போதும் இருக்கும் புத்தகம். அதுவே போதும் என்றிருக்க, ஒரு காகிதத்துக்கு 2,500 பாட் கொடுத்திருக்கிறேன். கியூ பதிவைத் துறையின் செயலியிலேயே இலவசமாகச் செய்யலாம் என்று தன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அதற்கு 2,000 பாட் போயிருக்கிறது. முதலில் கிடைக்கும் இரண்டாண்டுத் தற்காலிக மோட்டார் சைக்கிள் உரிமத்துக்கு அரசு வாங்கும் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 105 பாட். நான் கொடுத்தது 9,500.

அன்று மாலை அந்த ஏஜென்சித் தமிழரே அழைத்தார். "அப்படியா? அந்தப் பையன் தப்பான உறையைக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது" என்றார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அடுத்த வாரமே புதிய தேதி என்றார். அடுத்த வாரம் சோங்க்ரான், தாய்லாந்துப் புத்தாண்டு. சோங்க்ரானுக்கு எல்லாம் மூடியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? விடுமுறை முடிந்ததும் கேட்டேன், ஊழியர்கள் இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லையாம். அதன் பிறகு என் செய்திகளுக்கு எழுத்தில் பதிலே வரவில்லை, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்கும் கரடி ஸ்டிக்கர்தான் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன். கரடி. முழுவதும் வேண்டாம், செய்யாத வேலைக்கு உரியதையாவது கொடுங்கள் என்று எழுதினேன். மறுபடியும் கரடி.

நேரில் போனேன். இந்த முறை உள்ளே இருந்தவர் தாய்லாந்துக்காரர், அவர்தான் உரிமையாளராம். 'அந்தத் தமிழர் எங்கள் ஊழியரே இல்லை, இடத்தை மட்டும் பகிர்ந்துகொள்கிறார், பணம் அவரிடம்தான் இருக்கிறது' என்றார். தமிழரைப் பிடித்துக் கேட்டால் "பணம் முதலாளி கணக்குக்குப் போய்விட்டது மேடம், நான் வெறும் மொழிபெயர்ப்பாளர்" என்கிறார். தங்கச்சி எப்போது மேடம் ஆனாள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கணக்காளர் என்று சொன்ன பெண்ணை இருவருக்குமே தெரியாதாம். என்னைப் பந்தாக வைத்து இருவரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு 'சமாதானம்' சொன்னார்கள். பணமாகத் திருப்ப முடியாது, அதே தொகைக்கு 'சர்வதேச ஓட்டுநர் உரிமம்' தருகிறோம், 10 ஆண்டு செல்லும், தேர்வே வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். அப்படியும் கூரியரில் வந்துவிட்டது. அதுதான் நான் முதலில் சொன்ன பிளாஸ்டிக் அட்டை. பளபளவென்று உலக உருண்டைப் படம், ஹாலோகிராம், என் புகைப்படம், மோட்டார் சைக்கிள் உட்பட எல்லா வாகனங்களுக்கும் டிக்.

இது வெறும் குப்பை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதே அட்டையை இணையத்திலும் விற்கிறார்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது ஒரு சிறு காகிதப் புத்தகம். உங்களுக்கு உரிமம் கொடுத்த நாடுதான் அதைக் கொடுக்க முடியும். இந்திய உரிமம் வைத்திருப்பவருக்கு நம் ஊர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் கொடுக்கும், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். இந்திய உரிமத்தில் இல்லாத வாகன வகை அதில் வராது. கார் மட்டும் ஓட்டத் தெரிந்த எனக்குப் பாங்காக்கில் ஒரு மாடி அறை எந்த அதிகாரத்தில் இருசக்கர வாகனத்துக்கு டிக் போட்டுக் கொடுத்தது? இதை நம்பி ஒருவர் வண்டியை எடுத்து, யார் மேலாவது மோதிவிட்டால்? நினைக்கவே வயிறு கலங்குகிறது.

வங்கியில் கேட்டேன். நீங்களே விரும்பி அனுப்பிய பணம், காவல்துறைப் புகார் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். காவல் நிலையத்தில் புகாரைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள், ஒப்பந்தம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இருப்பது அந்த வெள்ளைத் தாளின் புகைப்படமும் வங்கிச் சீட்டும் ஏகப்பட்ட கரடிகளும்தான். கரடிகளைப் பார்த்து அந்த இளம் காவலர் சிரித்துவிட்டார், பிறகு மன்னிப்புக் கேட்டார். புகார் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து என் எண்ணை ஏஜென்சி தடை செய்துவிட்டது.

இனி இந்த வழியில் வருபவர்களுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் எல்லாம் ஓடவில்லை, தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். பணி அனுமதிப் புத்தகத்தில் முகவரி இருந்தால் முதலில் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், யாருக்கும் சான்றிதழ்க் காசு கொடுக்காதீர்கள். மருத்துவச் சான்றிதழை நீங்களே கிளினிக்குக்கு நடந்து போய் வாங்குங்கள், சில நூறு பாட்தான் ஆகும், விண்ணப்பிக்கும் நாளில் அது ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் அங்கேயே சரிபாருங்கள். இந்திய உரிமத்தில் இருசக்கர வாகனமும் இருந்தால் ஊரிலிருந்து கிளம்பும்போதே சர்வதேச அனுமதியை வாங்கி வந்துவிடுங்கள், பெரும்பாலும் எழுத்துத் தேர்வும் பலகையும் மிச்சமாகும். சந்தேகம் இருந்தால் துறையின் உதவி எண் 1584. ஏமாந்துவிட்டால் இணைய மோசடிப் புகார்களுக்கான 1441 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள், பணம் போன கணக்கை முடக்க அது ஒரு வழி. என்னைப் போல் சோங்க்ரான் முடியட்டும் என்று விட்டுவிடாதீர்கள், அதற்குள் பணம் கைமாறிவிடும். நிறுவனத்துக்குப் பணம் என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயரில் கணக்கைக் காட்டினால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

சுகும்வித், சீலோம் பக்கம் யாராவது இதே போல 9,500 பாட், அல்லது வேறு எந்தத் தொகையானாலும், கொடுத்திருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே கணக்குக்குப் பணம் போயிருந்தால் புகார்களைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அந்தக் காவலர் சொல்லியிருக்கிறார்.