புதுப் பாணிக் குளியலறை: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பின்

புதிய பாணியில் அமைத்த எங்கள் குளியலறையைக் குடும்பத்தில் எல்லோரும் சில ஆண்டுகளாக நாள்தோறும் புழங்கிவருகிறோம். அதில் செய்த வேலைகளிலேயே அதிகப் பலன் தந்தது, ஈரப் பகுதியையும் உலர் பகுதியையும் பிரித்ததுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஷவர் இருக்கும் பக்கத்தை 10 மி.மீ. தடிமனுள்ள டஃபன்டு (எளிதில் உடையாதபடி கடினமாக்கிய) கண்ணாடியால் தடுத்திருப்பதால், ஒருவர் குளித்து வந்த உடனே மற்றவர் கால் நனையாமல் கழிப்பறையைப் பயன்படுத்த முடிகிறது. வீட்டு முதியவர்கள் வழுக்கி விழுவார்களோ என்ற அச்சமும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

கண்ணாடி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், தரையின் வாட்டம் (நீர் வடிவதற்கான சரிவு) சரியில்லை என்றால் தண்ணீர் அதன் அடியில் புகுந்து வெளியே வந்துவிடும். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வாட்டம் கொடுத்து, அது முழுவதும் ஒரே திசையில் சுவரோரத்து நீள வடிகாலை நோக்கி இறங்கும்படி செய்தால், 60க்கு 120 செ.மீ. போன்ற பெரிய டைல்களையும் குறுக்கே வெட்டாமல் பதிக்கலாம். நடுவில் வடிகால் வைத்தால் நான்கு பக்கமிருந்தும் வாட்டம் வரவேண்டும். அப்போது பெரிய டைலைத் துண்டாக்கியே ஆகவேண்டும். எங்கள் தரையில் டைல்களுக்கு இடையிலான இணைப்புகள் குறைவு. அவற்றிலும் நீரை உறிஞ்சாத எப்பாக்சி கிரவுட் (பிசின் வகை இடைவெளி நிரப்பி) நிரப்பியிருப்பதால், சிமென்ட் கிரவுட்டில் வழக்கமாகக் காணும் கருமை இன்றுவரை தோன்றவில்லை. தரை டைல் வாங்குவோர் நிறத்துக்கு முன்னர் வழுக்குத் தடுப்புக் குறியீட்டைப் பார்ப்பது நல்லது. ஆர்9ஐவிட ஆர்10, ஆர்11 கூடுதல் பிடிமானம் தரும்.

சுவரில் பொருத்தும் கழிப்பறைக் கோப்பை எடை தாங்குமா என்று பலரும் கேட்கிறார்கள். சுவருக்குள் தரையோடு சேர்த்து இறுக்கிய இரும்புச் சட்டமே சுமையை ஏற்கிறது. ஐரோப்பியத் தர விதிப்படி இவ்வகைக் கோப்பைகள் ஏறக்குறைய 400 கிலோ சுமையில் சோதிக்கப்படுகின்றன. உள்ளே மறைந்திருக்கும் ஃப்ளஷ் தொட்டியின் ரப்பர் வளையம் தேய்ந்து நீர் கசிந்தபோது, பிளம்பர் ஃப்ளஷ் பொத்தான் தகட்டைக் கழற்றி அந்தத் திறப்பின் வழியாகவே மாற்றிவிட்டார். ஒரு டைல்கூட உடைபடவில்லை. கோப்பைக்கு அடியில் தடையின்றித் துடைக்க முடிவது தனி நிம்மதி.

பளபளப்பற்ற கருப்புக் குழாய்களை மட்டும், கடினநீர் வரும் வீடுகளுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒவ்வொரு துளியும் காய்ந்ததும் சுண்ணாம்புப் படிவு வெள்ளைப் புள்ளியாக நிற்கிறது; அதைக் கரைக்கும் அமிலமே கருப்புப் பூச்சையும் கெடுக்கக்கூடும். தலைக்கு மேலே பொருத்தும் அகன்ற மழை ஷவருக்கோ நீரழுத்தம் வேண்டும். 10 மீட்டர் உயரம் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும் என்பதால், 3 மீட்டர் உயரத்திலுள்ள தொட்டியிலிருந்து 0.3 பார்தான் கிடைக்கும். பிரஷர் பம்ப் இல்லாமல் அது சொட்டத்தான் செய்யும்.

கண்ணாடியின் கீழ்விளிம்பில் நீர் கசியாமலிருக்க இட்ட சிலிக்கோன் பசை ஒருமுறை கருத்துப் பூஞ்சை பிடித்தது. பழையதைச் சுரண்டி எடுத்து, இடம் நன்றாக உலர்ந்த பின் புதிதாக இட்டோம். குளித்து முடித்த பிறகும் எக்ஸாஸ்ட் விசிறியை 20 நிமிடம் ஓடவிடத் தொடங்கியதிலிருந்து அது மீண்டும் கருக்கவில்லை.