ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சனிக்கிழமை

2024 டிசம்பர் 12 அன்று இங்கே சிங்கப்பூரில், செந்தோசாவில், குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். கும்பகோணத்தில் என் அக்கா மகன் அந்த 14-ஆவது ஆட்டத்தை யூடியூபில் தமிழில் வர்ணித்துக்கொண்டிருந்தான். எதிரில் ஆடிய டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துக் கோட்டை விட்டாரே, சரியாக அந்த நேரத்தில் பையனுடைய பழைய லேப்டாப் உறைந்து நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த நாற்பது பேரும் வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள். இரவு போன் செய்து, "மாமா, பொங்கலுக்கு வரும்போது சாக்லேட் எல்லாம் வேண்டாம்" என்றான்.

அப்படித்தான் ஜனவரி லீவில் இரண்டு நாள் அவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்குவதில் போனது. ஊருக்குப் போய் கம்ப்யூட்டர் வாங்கித் தர நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் பணம். வெளிநாட்டு கார்டைத் தேய்த்தால் கடைக்காரர்கள் இரண்டு சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள், நம் பேங்க்காரர்களும் சும்மா விடுவதில்லை. நான் சிங்கப்பூர் பேங்க் ஆப்பில் இருந்தே பேநவ் என்ற இங்குள்ள பணப் பரிமாற்றச் சேவை வழியாக மருமகனின் யுபிஐ கணக்குக்கு அனுப்பினேன். 2023-இல் இருந்து இந்த இணைப்பு இருக்கிறது, ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஆயிரம் சிங்கப்பூர் டாலர்தான் வரம்பு. அன்றைய மாற்று விலைக்குக் கிட்டத்தட்ட 62,000 ரூபாய். சரி, அதுவே பட்ஜெட் என்று முடிவு செய்துவிட்டேன். மாமன் கஞ்சன் என்ற பேரும் வரவில்லை, வரம்பு மேல் பழியைப் போட்டாயிற்று.

சனிக்கிழமை காலை அவன் ரயிலில் சென்னைக்கு வந்து சேர, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும், அதைக் கவனத்தில் வையுங்கள். மவுண்ட் ரோட்டில் இருந்து உள்ளே திரும்பியதுமே "என்ன சார் வேணும், சிசிடிவியா, லேப்டாப்பா" என்று கூட வர ஆரம்பிப்பார்கள். அவர்களுக்குத் தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நின்றால் ஏதாவது ஒரு மாடிப்படியில் ஏற்றிவிடுவார்கள். நான்கு கடைகளில் விலையை எழுதி வாங்கினோம். நால்வரும் முதலில் சொன்னது ஒரே விஷயம்: "எடிட்டிங்னா கிராபிக்ஸ் கார்டு இல்லாம முடியாது சார்."

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். பையனின் வேலை இரண்டு. பகலில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கிறான், இரவில் செஸ் ஸ்ட்ரீமிங். ஸ்டூடியோவின் கேமராவில் இருந்து வருவது எச்265, 10 பிட், 4:2:2 என்ற, நிற விவரம் அதிகமுள்ள சுருக்கிய வீடியோ ஃபைல்கள். அப்போது எங்கள் பட்ஜெட்டுக்குள் வந்த என்விடியா கார்டுகள் எதுவும் இந்த வகையை டீகோட் செய்யாது, அதாவது சுருக்கத்தை விரித்துக் கொடுக்காது. ஆனால் இன்டெல் 12-ஆம் தலைமுறை ஐ5 பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸில் குயிக் சிங்க் என்ற பகுதி அதைச் சர்வசாதாரணமாகச் செய்துவிடும். பையனுடைய எடிட்டிங் மென்பொருள் பிரீமியர், அது இதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஸ்ட்ரீமிங்கில் செஸ் பலகையும் முகமும்தான் திரையில், கேம் போல கார்டுக்கு வேலை கிடையாது. பின்னால் ஓடும், செஸ் நகர்த்தல்களைக் கணக்கிடும் ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின்தான் சிபியு (பிராசஸர்) முழுவதையும் தின்னும். பழைய லேப்டாப் மூச்சுத் திணறியதும் அதனால்தான். ஸ்ட்ரீம் செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் என்கோடராக, அதாவது வீடியோவைச் சுருக்கி அனுப்பும் பகுதியாக, குயிக் சிங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வீடியோ வேலை சிபியுவின் தலையில் விழாது. ஆக, கார்டுக்குப் போகும் பணத்தை ராமிலும் யுபிஎஸ்ஸிலும் போடலாம் என்பதுதான் என் கணக்கு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துபவர், முப்பரிமாண கேம் ஸ்ட்ரீம் செய்பவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, அவர்களுக்குக் கார்டு வேண்டும்.

இதை மூன்றாவது கடைக்காரரிடம் சொன்னதும் அவருக்கு முகம் சுருங்கியது. பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். அந்தக் கார்டின் சாதாரண மாடலில் இருப்பது அதன் உடன்பிறப்புகளில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழைய என்கோடர், ஸ்ட்ரீமிங்குக்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வேண்டாம் என்றோம். அப்புறம் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டில் பிராசஸர் ஐ5 12400எஃப் என்று இருந்தது. அந்த 'எஃப்' எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது. வீட்டில் கொண்டுபோய்ப் போட்டால் மானிட்டர் கறுப்பாகவே இருக்கும், கார்டு வாங்க மறுபடி அவரிடம்தான் போக வேண்டும். தெரிந்து செய்தாரா, பழக்கத்தில் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை. பையன்தான் அதைக் கண்டுபிடித்தான், எனக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை.

நான்காவது கடையில் முடித்தோம். ஐ5 12400 பிராசஸர் பெட்டியோடு 13,000, டிடிஆர்4 ராம் போடும் பி760 மதர்போர்டு 10,500, 16 ஜிபியாக இரண்டு ராம் 5,800, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 5,500. ராமை ஒற்றைக் குச்சியாக வாங்காதீர்கள், தனி கார்டு இல்லாத மெஷினில் உள் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது, இரட்டையாகப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மெஷினுக்கு மின்சாரம் கொடுக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,000. இப்போதைக்கு இது அதிகம்தான், பின்னால் கார்டு போட்டால் மாற்ற வேண்டாமே என்று. கேபினட் 3,000, விளக்கு வைத்த கண்ணாடிப் பக்கம் வேண்டாம் என்று வலை முகப்போடு ஒன்று. 24 இன்ச் மானிட்டர் 9,000. 1000 விஏ யுபிஎஸ் 5,500. அசெம்பிள் கூலி 700. மொத்தம் 57,000. எல்லாம் ஜிஎஸ்டி உட்பட, 2025 ஜனவரி விலை.

பில் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். "பில் இல்லாம எடுத்தா கொறச்சு தரேன்" என்பார்கள். ஒவ்வொரு பொருளின் சீரியல் நம்பரும் பில்லில் ஏற வேண்டும், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். பிராசஸரைப் பெட்டி இல்லாமல் 'ட்ரே' என்று மலிவாகக் கொடுத்தால் இன்டெல்லின் மூன்று வருட வாரண்டி கிடைக்காது, கடைக்காரரின் வாய்வார்த்தைதான். நமக்குப் பரவாயில்லை, நாம் கிளம்பிவிடுவோம். ஊரில் இருப்பவன் திருச்சிக்கும் சென்னைக்கும் பஸ் ஏற வேண்டியிருக்கும். அசெம்பிள் செய்த பையன் கெட்டிக்காரன், ஒயர்களை அழகாகக் கட்டி, ஆன் செய்து, ராம் முழு வேகத்தில் ஓடுகிறதா என்று பயாஸில் காட்டினான். முந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் போட்டுத் தரவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றோம், அது எப்படிப்பட்ட விண்டோஸ் என்று சொல்லத் தேவையில்லை.

எழும்பூரில் இரவு உழவன் எக்ஸ்பிரஸ். யுபிஎஸ் பேட்டரியின் எடை என் இடுப்பை ஒரு வழி செய்துவிட்டது. கேபினட்டை மேல் பெர்த்தில் படுக்கவைத்து, பையன் அதன் பக்கத்தில் ஒடுங்கிப் படுத்துக்கொண்டு வந்தான். டிக்கெட் பரிசோதகர் ஒரு முறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் வைத்து ஆன் செய்த மறுநிமிடம் அக்கா கேபினட்டைத் துடைக்கிறேன் என்று ஈரத்துணியோடு தொட்டு, "டேய், ஷாக் அடிக்குது" என்று அலறினார். கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அது தாத்தா காலத்து வீடு, மூன்று துளை பிளக் இருக்கிறதே தவிர எர்த் ஒயர் எங்கும் போகவில்லை. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டரில் இருந்து கசியும் கொஞ்ச மின்சாரம் இரும்புப் பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எலக்ட்ரீஷியன் அன்று மாலையே வந்து கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கிக் கொடுத்தார். இரண்டாயிரத்து சொச்சம். பயணத்தில் கிடைத்த சேவைகளில் இதுதான் முதல் தரம் என்பேன்.

யுபிஎஸ்ஸில் மோடத்தையும் செருகச் சொன்னேன். மெஷின் மட்டும் உயிரோடு இருந்து நெட் போனால் என்ன பயன்? 6,000 கேபிபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம் செய்தால் மணிக்கு 2.7 ஜிபி, அவனுடைய ஃபைபர் இணைப்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

பிப்ரவரி 2 ஞாயிறு, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில் நடந்த செஸ் போட்டியில் பிரக்ஞானந்தாவும் குகேஷும் டை பிரேக்கரில் மோதினார்கள். எனக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது, மறுநாள் வேலை, இருந்தும் மருமகன் சேனலைத் திறந்து வைத்திருந்தேன். கடைசி ஆட்டத்தின் நடுவில் அவன் முகம் சட்டென்று இருட்டானது. கரண்ட் போய்விட்டது. பின்னால் யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்துகிறது, அக்கா எங்கிருந்தோ டார்ச் கேட்கிறார், பலகையில் காய்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பிரக்ஞானந்தா ஜெயித்தபோது இவன் இருட்டில் இருந்தபடியே கத்தினான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அறுபத்தியிரண்டு பேர், ஒருவரும் போகவில்லை.