நான்கு வருட சூப்பர்சார்ஜரும் ஒரு குட்டி பம்பும்

"சூப்பர்சார்ஜர் வண்டி ஒன்று கைக்கு வருகிறது, வாங்கலாமாடா?" என்று போன மாதம் நண்பன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. முன் பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை வரை கூலன்ட் வழிய நான் தரையில் படுத்திருந்தேன். வாங்காதே என்று சொல்லி ஃபோனை வைத்தேன். அன்று அவனிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் வண்டியும் அதே ரகம்தான்: எட்டு சிலிண்டர் வி8 என்ஜின், அதன் தலைமேல் காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும் இரட்டை ரோட்டர் சூப்பர்சார்ஜர், அதன் மூடிக்குள்ளேயே அந்தக் காற்றின் சூட்டை இறக்க, தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர். குதிரைத்திறன் கணக்கெல்லாம் தெரிந்ததுதான், விடுங்கள். நான்கு வருடமாக நான் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு எண்ணை: என்ஜினுக்குள் போகும் இன்டேக் காற்றின் வெப்பநிலை. ஸ்பீடோமீட்டரைக்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

காற்றை அமுக்கினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த கைக்கு இது தெரியும். 30 டிகிரியில் உள்ளே வரும் காற்றை 0.6 பார் அழுத்தம் கூடும்படி அமுக்கினால், இந்த வகை சூப்பர்சார்ஜரில் ஏறக்குறைய 95 டிகிரிக்குப் போய்விடும். அதே சூட்டோடு சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் வரும், அதாவது எரிபொருள் நேரம் தப்பித் தானாக வெடிக்கும். அதற்குப் பயந்து என்ஜின் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், இழுவை போய்விடும். என்ஜின் கூலன்ட்டே 90 டிகிரியில் ஓடுவதால் அது இதற்கு உதவாது. அதனால்தான் இன்டர்கூலருக்கென்று தனிச் சுற்று: முன்னால் ஒல்லியாக ஒரு ரேடியேட்டர், தண்ணீரைச் சுற்றவிட கைக்கு அடக்கமான ஓர் எலக்ட்ரிக் பம்ப்.

ஓடும்போது குறை சொல்ல முடியாது. நிறுத்தினால்தான் வினை. பத்து நிமிடம் அணைத்து வைத்தால் கீழே இருக்கும் என்ஜினின் சூடு மேலே ஏறி, சூப்பர்சார்ஜரின் அலுமினிய உடம்பு முழுக்க ஊறிவிடும். பம்போ சாவியைத் திருப்பியதுமே தூங்கிவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் திரையில் 70. மிதித்தால் விசில் சத்தம் மட்டும் குறையாமல் வரும், முதுகைத் தள்ளும் அந்தத் தள்ளு வராது.

2018 டாட்ஜ் சேலஞ்சர் டெமானில் என்ஜினை அணைத்த பிறகும் பம்பும் ஃபேனும் ஓடும்படி செய்திருந்தார்கள். ஏசியின் குளிரையே திருப்பிவிட்டு இந்தக் கூலன்ட்டைக் குளிர்விக்கும் ஏற்பாடும் உண்டு. சரி, அது நேர்கோட்டில் பறக்கும் டிராக் (drag) ரேஸுக்கென்றே பிறந்த வண்டி. ஏசி வித்தையெல்லாம் எனக்கு வேண்டாம். அணைத்த பிறகு பம்பைக் கொஞ்ச நேரம் ஓடவிட ஒரு டைமர் ரிலே போதுமே! என் வண்டியைச் செய்த மகானுபாவர்களுக்கு அது தோன்றவில்லை.

இந்த வருடம் ஓடும்போதே எண் ஏற ஆரம்பித்தது. முன்பு வெளிக்காற்றைவிட 12 டிகிரி கூடுதலாக நிற்கும், இப்போது 25. சர்வீஸில் கேட்டால் "வெயில் சார், எல்லா வண்டியும் இப்படித்தான்" என்றார்கள். நானும் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் முன்னால் பெரிய ரேடியேட்டர் ஒன்றையும் வாங்கி மாட்டினேன். ஒரு டிகிரிகூட இறங்கவில்லை.

இறங்காதுதான், தண்ணீர் ஓடினால்தானே! முதல் நாளே செய்திருக்க வேண்டிய சோதனை இரண்டு நிமிட வேலை. இந்தச் சுற்றுக்கான தொட்டியின் மூடியைத் திறந்து, பம்பை ஓடவிட்டு, திரும்பி வரும் தண்ணீர் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். என் தொட்டி குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. பம்பைத் தொட்டால் உறுமல் மட்டும் இருந்தது. மோட்டார் சுற்றுகிறது, உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் பிடி விட்டுவிட்டது. அந்த உறுமலைக் கேட்டு நல்லா இருக்கிறது என்று நினைத்தது முழுக்க என் முட்டாள்தனம். இதில் சர்வீஸ்காரர்களைத் திட்ட மனம் வரவில்லை. சரி, கொஞ்சம் வருகிறது.

புது பம்ப் போட்டு கூலன்ட் ஊற்றினேன், எண் இன்னும் 3 டிகிரி ஏறியது! இன்டர்கூலர்தான் இந்தச் சுற்றிலேயே உயரமான இடம், காற்றுக்குமிழி போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் வேக்குவம் வைத்து உறிஞ்சி நிரப்பிய பிறகுதான் ஓட்டம் வந்தது. உறையும் குளிருக்கு இந்த வண்டி போவதில்லை என்பதால் கூலன்ட்டில் உறையாமல் காக்கும் கிளைகாலைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன், தண்ணீர்தான் சூட்டை அதிகம் சுமக்கும். வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். துருத்தடுப்பு மருந்து கட்டாயம்.

கூடவே அந்த டைமர் ரிலேயையும் நானே மாட்டிவிட்டேன். அணைத்த பிறகு எட்டு நிமிடம் பம்ப் ஓடுகிறது. ஃபேன் இல்லாமலேயே, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது 70 காட்டிய இடத்தில் இப்போது 58. சாவியை எடுத்த பிறகும் பானெட்டுக்குள்ளிருந்து மெல்ல வரும் அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டு, வேலையில்லாதவன் மாதிரி பக்கத்திலேயே நிற்கிறேன்.

நண்பன் மறுபடி கூப்பிட்டான். வாங்காதே என்றுதான் மறுபடியும் சொன்னேன். "அப்போ உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு" என்றான். அது வேறு பேச்சு என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஸ்டார்ட் செய்தபோது 61 காட்டியது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பம்பரைக் கழற்ற வேண்டும்.