ஆறு ஸ்பேட்: ஒரே கை, மூன்று திட்டங்கள்

பிரிட்ஜ் ஆட்டத்தில் சில கைகள் எளிமையாகத் தோன்றி, முதல் பிடியிலேயே டிக்ளேரரை (ஏலத்தில் வென்று கையை ஆடுபவரை) தோற்கடித்துவிடும். அப்படிப்பட்ட ஒரு கைக்கு இருக்கும் திட்டங்களை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தெற்கு ஆறு ஸ்பேட் ஆடுகிறார்; அதாவது ஸ்பேட்டைத் துருப்பாகக் கொண்டு, பதின்மூன்று பிடிகளில் பன்னிரண்டை எடுக்க வேண்டும். எதிரணியினர் ஏலத்தில் ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. மேற்கு கிளப் ராணியை இறக்கி ஆட்டத்தைத் தொடங்குகிறார்.

வடக்கு (டம்மி, மேசையில் விரித்து வைக்கப்படும் கூட்டாளியின் கை): ஸ்பேட் ராஜா, 5, 3, ஹார்ட் 6, 3, டைமண்ட் ஏஸ், ராஜா, 8, 6, 3, கிளப் ராஜா, 7, 2.

தெற்கு: ஸ்பேட் ஏஸ், ராணி, ஜாக்கி, 10, 9, 6, ஹார்ட் ஏஸ், ராணி, டைமண்ட் 7, 4, கிளப் ஏஸ், 8, 5.

உறுதியான பிடிகள் பதினொன்று: துருப்பில் ஆறு, ஹார்ட்டில் ஒன்று, டைமண்டில் இரண்டு, கிளப்பில் இரண்டு. பன்னிரண்டாவது பிடி இரண்டு இடங்களிலிருந்து வரலாம். ஹார்ட் ராஜா கிழக்கிடம் இருந்தால், டம்மியிலிருந்து ஹார்ட்டை இறக்கி ராணியைப் போடும் ஃபினெஸ் அதைத் தரும். அல்லது டம்மியின் ஐந்து டைமண்டுகளில் கடைசிச் சீட்டை வளர்த்து, அதன்மேல் கையில் தோற்கவிருக்கும் கிளப் 8-ஐக் கழித்துவிடலாம். எந்த வாய்ப்பை முதலில் நாடுவது, எதைக் கைவசம் வைத்திருப்பது என்பதில்தான் திட்டங்கள் பிரிகின்றன.

பலருக்கும் முதலில் தோன்றுவது ஃபினெஸ்தான். ஹார்ட்டை டம்மியிலிருந்து ஆட வேண்டும் என்பதால், முதல் பிடியை டம்மியின் கிளப் ராஜாவால் எடுத்து, உடனே ஹார்ட் ராணியைப் போட்டுப் பார்ப்பார்கள். பாதிக்குப் பாதி அது பலிக்கும். பலிக்காவிட்டால் மேற்கு மீண்டும் கிளப்பை இறக்குவார். கையின் ஏஸ் அதை எடுக்கும். இனி ஒரு பிடியும் போகக்கூடாது. டம்மிக்குள் நுழைய, அதாவது அங்கே ஒரு பிடியை எடுத்து அடுத்த சீட்டை அங்கிருந்து ஆட, அப்போது எஞ்சியிருப்பது, டைமண்டின் பெரிய சீட்டுகளைத் தவிர, ஸ்பேட் ராஜா ஒன்றுதான். டைமண்ட் ஏஸ், ராஜா இரண்டையும் ஆடி, மூன்றாவதைக் கையில் துருப்பால் வெட்டி, ஸ்பேட் ராஜாவில் டம்மிக்குத் திரும்பினால், எதிரணியின் ஆறு டைமண்டுகள் 3-3 என்று பிரிந்திருந்தால் மட்டுமே நான்காவது டைமண்ட் வளர்ந்திருக்கும். அந்தப் பிரிவுக்கான வாய்ப்பு 35.5 சதவீதம். எனவே ஃபினெஸ் தோற்கும் பாதியில் இது மீட்டுத் தருவது சுமார் 18 சதவீதம். மொத்தம் ஏறத்தாழ 68.

இரண்டாவது திட்டத்தை நிதானமான ஆட்டக்காரர்கள் விரும்புகிறார்கள். முதல் பிடியைக் கையின் கிளப் ஏஸால் எடுத்து, கிளப் ராஜாவை டம்மியில் பத்திரமாக வைத்துக்கொள்வது இதன் நல்ல தொடக்கம். ஆனால் அடுத்து, எதிரணியின் துருப்புகளை முதலில் ஒழித்துவிட வேண்டும் என்ற பழக்கத்தில் ஸ்பேட் ஏஸையும் ராஜாவையும் அடுத்தடுத்து ஆடிவிடுகிறார்கள். அந்த ராஜாவோடு ஒரு நுழைவுச் சீட்டு வீணாகிறது. டைமண்ட் 3-3 என்றால் கிளப் ராஜாவில் நுழைந்து வளர்ந்த டைமண்டுகளை எடுக்கலாம். இல்லையென்றால் அதே கிளப் ராஜாவில் நுழைந்து ஹார்ட் ஃபினெஸை நம்ப வேண்டியதுதான். 35.5 சதவீதத்தோடு எஞ்சிய 64.5-இல் பாதியைக் கூட்டினால், மீண்டும் அதே 68.

இந்த இரண்டு எண்களும் ஒன்றாக வருவதுதான் இந்தக் கையில் என்னை மிகவும் ஈர்க்கும் செய்தி. ஒருவர் அவசரப்பட்டார், இன்னொருவர் எச்சரிக்கையாக ஆடினார். இருவரும் இழந்தது ஒன்றே. ஒருவர் கிளப் ராஜாவைச் செலவழித்தார், மற்றவர் ஸ்பேட் ராஜாவைச் செலவழித்தார். டைமண்ட் 4-2 என்று பிரிந்தால் டம்மிக்குள் இரண்டு முறை திரும்பி வர வேண்டும். இருவரிடமும் ஒரு நுழைவுச் சீட்டுதான் மிஞ்சியது. அந்த 4-2 பிரிவுதான் மிக அதிகமாக நிகழ்வது. அதற்கான வாய்ப்பு 48.5 சதவீதம்.

மூன்றாவது திட்டம் இரண்டு ராஜாக்களையும் காப்பாற்றுகிறது. கிளப் ஏஸில் முதல் பிடி. பிறகு கையிலிருந்தே ஸ்பேட் ஏஸும் ராணியும். துருப்பு 2-2 என்றால் ஒழிந்தது. 3-1 என்றால் எதிரணியில் ஒரே ஒரு துருப்பு வெளியே நிற்கும், அதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். டைமண்ட் ஏஸ், ராஜா. மூன்றாவது டைமண்டை ஸ்பேட் 9-ஆல் வெட்ட வேண்டும், 6-ஆல் அல்ல. எதிரணியிடம் இருக்கக்கூடிய மிகப் பெரிய துருப்பு 8 என்பதால், 9-ஐ யாரும் மேல்வெட்டு வெட்ட முடியாது. அடுத்து ஸ்பேட் 6-ஐ டம்மியின் ராஜாவுக்கு ஆடினால், வெளியே நின்ற கடைசித் துருப்பும் விழுகிறது, நாமும் டம்மிக்குள் வந்துவிடுகிறோம். ஒரே சீட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. நான்காவது டைமண்டையும் வெட்டி, கிளப் ராஜாவில் மீண்டும் நுழைந்தால், ஐந்தாவது டைமண்ட் தனித்து நிற்கும். அதன்மேல் கிளப் 8 போய்விடும்.

இந்தத் திட்டத்துக்கு 3-3, 4-2 இரண்டும் போதும்; கூட்டினால் 84 சதவீதம். டைமண்ட் 5-1 என்று இருந்தால், ராஜாவை ஆடும்போது ஒருவர் வேறு இனத்தைக் கழிப்பதிலேயே அது தெரிந்துவிடும். அப்போது நாம் டம்மியில்தான் இருக்கிறோம். ஹார்ட் ஃபினெஸை அங்கிருந்தே எடுக்கலாம். இப்படி எஞ்சிய 16-இல் பாதியும் சேர்ந்து மொத்தம் 92-ஐ எட்டுகிறது. துருப்பு 4-0 என்று பிரிவதும், ஒற்றை டைமண்ட் வைத்திருப்பவரிடமே கடைசித் துருப்பும் இருந்து ராஜாவை அவர் வெட்டிவிடுவதும் இந்த எண்ணைச் சற்றுக் குறைக்கும் என்பதை மறைக்கக்கூடாது. ஆனாலும் 68-க்கு அருகில் அது ஒருபோதும் இறங்காது.

டைமண்டில் முதல் சுற்றையே எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் யோசனையும் சிலருக்கு எழும். அதை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. கொடுக்கக்கூடிய ஒரே பிடியை அப்போதே கொடுத்துவிட்டதால், இனி ஒரு பிடியும் போகக்கூடாது. கிழக்கு அந்தப் பிடியை எடுத்து ஹார்ட்டைத் திருப்பினால், டைமண்ட் எப்படிப் பிரிந்தது என்று தெரிவதற்கு முன்பே ஃபினெஸைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

ஜோடிப் போட்டிகளில் ஒரு பிடி கூடுதலாக எடுப்பதற்கும் மதிப்பு உண்டு என்பதால், பாதுகாப்பான திட்டம் அங்கே மதிப்பெண்ணைக் குறைக்குமோ என்று கேட்கலாம். இந்தக் கையில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. டைமண்ட் 3-3 என்றால் ஹார்ட் ராணியும் கிளப் 8-உம் இரண்டு டைமண்டுகளில் கழிந்து, ஃபினெஸ் இல்லாமலே பதின்மூன்று பிடிகளும் கிடைக்கும். 4-2 என்றால், ஐந்தாவது டைமண்ட் ஆடிய பின் பத்துப் பிடிகள் கைக்கு வந்திருக்கும். தெற்கிடம் மிஞ்சியிருப்பவை ஹார்ட் ஏஸ், ராணி, ஸ்பேட் ஜாக்கி. டம்மியிலிருந்து ஹார்ட்டை இறக்கி ராணியைப் போடலாம். மேற்கிடம் ராஜா இருந்தால் அந்த ஒரு பிடி மட்டும் போகும். அவர் எதைத் திருப்பினாலும் மற்ற இரண்டும் நம்முடையவை. முதல் திட்டத்தில் இரண்டாவது பிடியிலேயே ஸ்லாமை (பன்னிரண்டு பிடி ஒப்பந்தத்தை) பணயம் வைத்த அதே ஃபினெஸ், இங்கே பதினோராவது பிடியில் பதின்மூன்றாவது பிடிக்காக மட்டும் எடுக்கப்படுகிறது.