படையில் நடந்த பாலியல் வன்முறை: சிபிடியா, பிஇயா?

படையில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு, அதன் பாதிப்புக்கான சிகிச்சை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் இலவசம்; பணிக்காலத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டியதில்லை. பிடிஎஸ்டிக்கு (கொடிய அனுபவத்துக்குப் பின் நீடிக்கும் மனஉளைச்சல் நோய்) அங்கே அதிகம் தரப்படும் இரண்டு பேச்சு சிகிச்சைகள் சிபிடியும் (CPT, நடந்ததைப் பற்றிய எண்ணங்களை அலசுவது) பிஇயும் (PE, தவிர்த்துவரும் நினைவையும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்வது).

பிஇ 8 முதல் 15 அமர்வுகள், பெரும்பாலும் 90 நிமிடம். கண்ணை மூடி, நடந்ததை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்க வேண்டும். கூடவே, ஆபத்து இல்லாவிட்டாலும் பயத்தால் தவிர்த்துவரும் இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும்: ஆண்கள் நிற்கும் வரிசை, சீருடைக் கூட்டம். குற்றவாளியைச் சந்திப்பது இதில் சேராது. சறுக்குவது எங்கே என்றால், மிகக் கொடிய அந்த நிமிடத்தை வேகமாகத் தாண்டிவிடுவதில். அங்கேதான் பயம் உறைந்திருக்கிறது.

சிபிடி வழக்கமாக 12 அமர்வுகள், 50 முதல் 60 நிமிடம். சம்பவத்தை விவரிக்காமலே செய்யலாம். "மேலதிகாரியை நம்பியது என் தப்பு", "நான் உறைந்துபோனதால் சம்மதித்த மாதிரி ஆயிற்று" போன்ற எண்ணங்களைத் தாளில் எழுதி, ஆதாரம் கேட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். உறைந்துபோவது உடலின் அனிச்சைச் செயல், சம்மதம் அல்ல. வீட்டில் நிரப்பத் தரும் தாளை நிரப்பாமல் வந்தால் பலன் குறையும்.

பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. குற்ற உணர்வும் அவமானமும் அழுத்தினால் சிபிடியையும், பயத்தால் வெளியே போகவே முடியாவிட்டால் பிஇயையும் முதலில் பார்க்கலாம். சிகிச்சையாளர் ஆணாக இருக்க வேண்டுமா பெண்ணாக இருக்க வேண்டுமா என்பதையும் தயங்காமல் கேளுங்கள், ஆண்களும் கேட்கலாம்.